நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து

ஒரு கூட்டத்துக்கு ஐந்து பேனா போதும். மூன்று நீலம், ஒன்று கறுப்பு, மை கசிகிற பழைய பேனா ஒன்று. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரே பேனாவை வைத்துக்கொண்டு சமாளித்தேன். அனுபவம் போதாத காலம்.

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது, ஐயா. கல்லூரியைப் பாதியில் விட்டவன். மூன்று வருடம் ஒரு பார்சல் கிடங்கில் இரவு வேலை பார்த்தேன். அங்கே பெட்டி மேல் என்ன ஒட்டியிருக்கிறதோ அதுதான் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. பிறகு வார்டு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. இங்கேயும் அப்படித்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலை பத்து மணிக்கு, பள்ளிக்கூடத்தின் பெரிய அறையில் வார்டு மக்கள் கூட்டம். குறைந்தது நூறு பேர் வந்து புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நூறு இல்லையென்றால் அது கூட்டமே இல்லை. விளக்கு, ரோடு, சாக்கடை, எதுவானாலும் அந்தக் கையெழுத்துகள் இல்லாமல் கோப்பு மேலே நகராது. இது நான் போட்ட சட்டம் இல்லை.

என் முதல் கூட்டத்துக்கு நூற்றிருபது நாற்காலி போட்டேன். மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் மின்விசிறிக்காக வந்தார். இன்னொருவர் தன் வீட்டு வாசல் குழியைப் பற்றிப் பேசிவிட்டு அடுத்த நிமிடம் எழுந்து போனார். மூன்றாமவர் கவுன்சிலரின் மச்சான். கவுன்சிலர் காலி நாற்காலிகளைப் பார்த்து அரை மணி நேரம் பேசினார். முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"எத்தனை பேருப்பா?"

"மூணு சார்."

"நல்லா எண்ணுப்பா. வயசுப் பையன், கண்ணு நல்லாத் தெரிய வேணாமா?"

அன்று சாயங்காலம் உட்கார்ந்து நல்லா எண்ணினேன். நூற்று நான்கு வந்தது.

ஆறு வருடம், இருபத்து நான்கு கூட்டம். வீட்டு வரி விண்ணப்பங்களில் எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது. அதைப் பார்த்துப் பழகினேன். தபால்காரர் அவசரக்காரர், கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் கோடு போட்டு இரண்டு புள்ளி வைப்பார். பதினேழாம் எண் வீட்டுத் தையல்காரி பெயரை எழுதி முடித்துவிட்டு, நூலை முடிச்சுப் போடுவதுபோல ஒரு சுழி சுழிப்பாள். அந்தச் சுழி எனக்குப் பிடிபட நான்கு கூட்டம் ஆனது. சரியாக நூறு என்று ஒருநாளும் போட்டதில்லை. சரியாக நூறு பேர் எங்கேயும் வருவதில்லை.

தெருவிளக்கு வந்தது. மூன்று ரோடு வந்தது. விளக்கின் கீழே நின்று, இதை யார் கேட்டது என்று யாராவது விசாரித்தார்களா? அவர்களுக்காக அவர்களை விடவும் ஒழுங்காகக் கூட்டத்துக்குப் போனவன் நான். இதற்காக யாரிடமும் ஒரு காப்பி கூட வாங்கிக் குடித்ததில்லை.

இனி தண்ணீர்த் தொட்டிக்கு வருகிறேன். அதற்காகத்தானே என்னை உட்கார வைத்திருக்கிறீர்கள்.

நகரம் வடக்கே வீங்கிக்கொண்டிருந்தது. பதினோராயிரம் வீடுகளுக்குக் குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. என் வீடும் அதில் ஒன்று. நான் மறைத்தால் நீங்களே கண்டுபிடித்துப் பெரிதாக்குவீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். என் மனைவி ஆறு மாதக் கர்ப்பத்தோடு மூன்று மாடி தண்ணீர் தூக்கினாள். பெரிய தொட்டி கட்ட மேட்டில்தான் இடம் இருந்தது. மேட்டுக்குக் கீழே தையல்காரியின் தெரு. மண் இளகலாக இருக்கிறது, கீழ் வரிசை வீடுகளைக் காலி செய்த பிறகே கட்ட வேண்டும் என்று இன்ஜினியர் எழுதினார். இல்லாவிட்டால், ஆபத்து தெரிந்தே இருக்கிறோம், தொட்டிக்கு ஆட்சேபணை இல்லை என்று மக்கள் கூட்டம் தீர்மானம் போட வேண்டும். காலி செய்ய மாற்று இடம் தேடினால் ஐந்து வருடம் ஆகும். தீர்மானத்துக்கு ஒரு சாயங்காலம் போதும்.

நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. என் வேலையிலேயே அதுதான் சிறந்தது.

தொட்டியை நான்காவது முறை நிரப்பியபோது, பகல் மூன்று மணிக்கு, மேட்டோடு சரிந்தது. ஆறு பேர். தையல்காரி மெஷினில் உட்கார்ந்தபடியே இருந்தாளாம். ஆபத்தை அறிந்தும் சம்மதித்துத் தங்கியிருந்தார்கள், எனவே எவர் மீதும் குற்றமில்லை என்று விசாரணை அறிக்கை வந்தது.

அவள் கணவர் லாரி மெக்கானிக். அன்று வெளியூரில் இருந்தார். இரண்டு வாரம் கழித்து அலுவலகத்துக்கு வந்தார்.

"என் பொண்டாட்டி சாகுறதுக்குச் சம்மதிச்சான்னு எழுதியிருக்காங்க. அந்த வரியை எடுக்கணும். அந்தப் புத்தகத்தைக் காட்டு."

யார் கேட்டாலும் காட்ட வேண்டும் என்பது விதி. காட்டினேன். கிரீஸ் ஏறிய விரலை வரி வரியாக இறக்கினார்.

"இது அவ கையெழுத்துதான்," என்றார். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. பிறகு விரல் ஒரு வரி மேலே போனது.

"பதினாறாம் நம்பர்க்காரன் இவளுக்கு முன்னாடி போட்டிருக்கான்."

"அதுக்கு என்னண்ணே?"

"ஒன்பது வருஷமா ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. சாக்கடைக் குழாய்ச் சண்டை. அவன் நின்ன இடத்துல இவ நிக்க மாட்டா. ஒண்ணா வந்து ஒட்டி ஒட்டிக் கையெழுத்துப் போட்டாங்களாக்கும்?"

பக்கத்தைத் திருப்பினார். பதினாறு, பதினேழு, பதினெட்டு. முந்தைய கூட்டம். பதினாறு, பதினேழு, பதினெட்டு.

"ஏம்ப்பா, எங்க தெருவுல எல்லாரும் நம்பர் வரிசையில கிளம்பி வர்றாங்களா? பிரேயருக்கு வர்ற பள்ளிக்கூடப் பிள்ளைங்களா நாங்க?"

ஆறு வருடமாகப் பேனா மாற்றினேன், சாய்வு மாற்றினேன். வரிசையை மாற்றத் தோன்றவே இல்லை. வரிப் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறவன் செய்கிற தப்பு. தப்பு அது ஒன்றுதான்.

கூட்டத்துக்கு வராதவர்களுக்காகத்தானே போட்டாய் என்று நீங்கள் பரிவோடு கேட்கிறீர்கள். வேண்டாம் ஐயா, எனக்குப் பரிவு வேண்டாம். தொட்டிக்கான அந்த ஒரு கூட்டத்துக்கு அவர்கள் வந்தார்கள். நாற்பத்தொரு பேர். ஆறு வருடத்தில் முதல் முறையாக நாற்காலிகள் கிறீச்சிட்டன. தையல்காரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பதினாறாம் எண்காரர் எதிர்மூலையில், கதவோரம். தையல்காரி எழுந்து என் மேஜைக்கு வந்து, "தம்பி, கொட்டை எழுத்துல எழுதிக்கோ. வேணாம்னு எழுது. வீடு குடுத்துட்டுக் கட்டட்டும்," என்றாள். நாற்பத்தொரு பேரும் வந்த வரிசையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

நாற்பத்தொன்று நூறு இல்லை. அது கூட்டமே இல்லை. கூட்டமே நடக்காதபோது யாரும் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. இது சட்டம், என் கருத்து இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். தூக்கிப் போடவில்லை. பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்துத்தான் புதுத் தாளில் சம்மதத்தை எழுதினேன். அவளுடைய சுழி அத்தனை சுத்தமாக வந்தது அதனால்தான்.

ஆமாம், நான்தான் செய்தேன். மறுபடியும் அந்த மேஜையில் உட்கார வைத்தால் மறுபடியும் செய்வேன். பதினோராயிரம் வீடுகளும் வந்து கேட்டிருந்தால் இதைத்தான் கேட்டிருக்கும். அவர்கள் சார்பில் நான் கேட்டேன்.

இந்த வாக்குமூலத்தில் என் கையெழுத்து மட்டும் போதும் என்றீர்கள். ஒரு ஆளின் கையெழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? படித்துப் பார்த்து, நான் சொன்னது நியாயம் என்று ஒப்புக்கொண்டு, நூற்றுப் பன்னிரண்டு பேரும் பின்பக்கத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். இந்த முறை தையல்காரியையும் பதினாறாம் எண்காரரையும் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறேன்.