ராகலை பஸ்ஸுல ஒரு போத்தல் கித்துல் கள்ளு

ராகலைக்கு அன்னிக்கி எதுக்குப் போனேன்னு மறந்துபோச்சு. பஸ்ஸு வேற மூச்சுவாங்கி மூச்சுவாங்கித்தான் மலை ஏறும். முன்சீட்டுல மச்சான்மாரு ரெண்டு பேரு பேசிக்கிட்டு வந்தாங்க.

"மச்சான், ஒங்க மடியில இருக்க போத்தலு உறுமுதுங்க."

"கித்துல் பனையோட கள்ளு. கொத்மலையில காலையிலதான் பாளை சீவி எறக்குனாங்க."

"தென்னங்கள்ளு வாங்கியிருக்கலாமே?"

"அது நாக்கக் கடிக்கும். இது கருப்பட்டி வாசமா, தேனாட்டம் எறங்கும். சம்மந்தியாகப் போறவருக்கு இனிப்புத்தான் வேணுமாம். புளிச்சதக் கொண்டுபோனா எம்மவனுக்குப் பொண்ணு இல்லேன்னுட்டாரு."

"தக்கையப் புடுங்குங்க, இல்லாட்டி வெடிச்சிரும்."

"காத்துப்பட்டா புளிச்சிரும்யா!"

வளைவுல தக்கை பறந்துச்சு. கண்டக்டரு மூஞ்சியெல்லாம் நுரை. போத்தல்ல பாதிதான் மிச்சம். மாப்பிள்ளைக்கு அப்பன் அழுகப் பாத்தாரு.

கண்டக்டரு மீசைய நக்கிப் பாத்தாரு.

"இன்னும் இனிக்குதுய்யா! டிரைவரண்ணே, எங்கயும் நிப்பாட்டாம விடுங்க!"