நேற்றைய சொல்

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். நிலைக்கு அடியில் மட்டும் யாரும் வேண்டாம்... ஏன் என்று கடைசியில் தெரியும்.

மாலை ஐந்தே முக்கால். கோட்டைக்கு ஏறும் சாலையில் ஒரே ஒரு பள்ளிப் பேருந்து. மற்ற வண்டிகள் இறங்கிப் போய்விட்டன. மேலே முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பெண் கோட்டையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் தோழி ஒருத்தியின் நாத்தனார் அவள். அண்ணன் வீட்டிலிருந்து எட்டு வருடமாக அந்த வழிகாட்டி வேலைக்குப் போய்வந்தவள். பிள்ளைகள் கூட்டம் என்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

உள்கோட்டைக்கு ஒரே வழி, குட்டை வாசல். எந்த அரசன் வந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே பத்தடி இருட்டு. நடுவில், சுவரில் ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு பள்ளம். அந்தக் காலத்தில் அங்கே வாளை ஓங்கியபடி ஒருவன். தினமும் காலையில் ராஜா ஒரு புதுச் சொல்லை வைப்பார். அதைச் சொன்னால் வழி. இல்லாவிட்டால்... கழுத்து. ஒருநாள் புதுச் சொல்லைத் தன் மகளிடம் சொல்ல ராஜா மறந்துவிட்டார். விளையாடிவிட்டு வந்தவள் குனிந்தாள். நேற்றைய சொல்லைச் சொன்னாள். வெட்டியவன் பேயாகி இன்னும் அங்கேயே நிற்கிறான்.

இந்த இடத்தில் பிள்ளைகள் மூச்சுவிட மாட்டார்கள். எட்டு வருடமாக அப்படித்தான்.

"ராஜா மறந்தா அது ராஜா தப்புதானே? வாள்காரரை ஏன் பேயாக்கிட்டீங்க?"

ஒன்பது வயதுப் பெண். இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன். காலையிலிருந்து இப்படித்தான். கூட இருந்த பிள்ளைகள் அவளை 'ஏன்' என்றே கூப்பிட்டார்கள்.

"பெரியவங்க சொல்லும்போது குறுக்க பேசக்கூடாதும்மா."

"நீங்க பார்த்தீங்களா அக்கா? சும்மா கதை விடுறீங்களா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவிட்டார். நாத்தனாரும் சிரித்தாள். பல் மட்டும்.

கதை முடிந்ததும் ஒரு விளையாட்டு உண்டு. அன்றைய சொல்லை ஒவ்வொரு பிள்ளையின் காதிலும் சொல்லிவிட்டு அவள் முன்னால் போய் முற்றத்தில் நிற்பாள். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குனிந்து வந்து, இருட்டில் பள்ளத்தின் எதிரே நின்று அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் எல்லோரும் "வெட்டு!" என்று கத்துவார்கள். சொன்ன பிள்ளை தனியாக ஓரத்தில் நிற்கும்.

இதற்கு ஒரு வழக்கமும் உண்டு. காலையில் முதலில் வரும் வழிகாட்டி, அந்தக் காலிப் பள்ளத்தின் முன் நின்று அன்றைய சொல்லைச் சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே டிக்கெட் கிழிப்பவர் சொல்லியிருந்தார்: "நம்புறியோ இல்லையோ, அவனுக்குச் சொல்லிட்டு வேலையை ஆரம்பி." அன்று காலையும் சொல்லியிருந்தாள். ஆமை.

முப்பத்தொரு காதுகளில் ஆமை என்றாள். கடைசியாக நின்ற 'ஏன்' காதில் முந்தின நாள் சொல்லைச் சொன்னாள். நாரை.

ஒரு குழந்தையைத் தோற்கடிக்க வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. தோழியிடம் எல்லாவற்றையும் உடனே சொன்னவள், இதைச் சொல்ல மட்டும் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டாள். அந்தக் காது சின்னதாக, சூடாக இருந்ததாம். அந்தப் பெண் நம்பிக்கையோடு தலையைச் சாய்த்துக் கொடுத்தாளாம்.

ஆமை... ஆமை... ஆமை... முப்பத்தொன்று.

பிறகு வாசலில் செருப்புச் சத்தம். நின்றது. தெளிவான குரல்.

"நாரை."

"வெட்டு" என்று சொல்ல நாத்தனார் வாயைத் திறந்தாள். பிள்ளைகளும் திறந்தார்கள். யாருக்கும் சத்தம் வரவில்லை.

விஷ்ஷ்...

புதுத்துணி கிழிவது போல. ஒரே ஒரு தடவை. உடனே ஒரு வாடை. எண்ணெய் தேய்த்த இரும்பு, ஈரச் சுண்ணாம்பு.

அந்தப் பெண் வெளியே வந்தாள். நிமிர்ந்தாள். ஒரு பக்கம் பின்னல். மறுபக்கம் காதுக்குக் கீழே ஒன்றுமில்லை. கோடு போட்டது போல அறுந்திருந்தது.

டீச்சர் அலறினார். டார்ச் அடித்துத் தேடினார்கள். பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். கத்தரிக்கோல் இல்லை. முடி இல்லை. ரிப்பன்கூட இல்லை.

நாத்தனார் அவள் முன்னால் மண்டியிட்டாள். "என்னம்மா ஆச்சு?"

"நீங்க குனியச் சொன்னீங்கள்ல, நல்லாக் குனிஞ்சேன். அதான் கழுத்துல படல." அவள் அழவில்லை. "யார் இந்தச் சொல்லைக் கொடுத்ததுன்னு கேட்டாரு."

"நீ... என்ன சொன்ன?"

"உங்க பேரைத்தான். சட்டையில குத்தியிருக்கீங்களே."

அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். டீச்சருக்குக் கேட்கக்கூடாது என்பது போல.

"எனக்கு மட்டும் ஏன் வேற சொல்லு?"

நாத்தனார் சட்டையில் குத்தியிருந்த பெயரைக் கழற்றினாள்.

அந்த வாரமே வேலையை விட்டுவிட்டாள். பத்தாம் நாள் காலை, அண்ணன் வீட்டு வாசல் நிலையில் ஒரு வெட்டு தெரிந்தது. அவள் நின்றால் கழுத்து வரும் உயரம். தச்சர் வந்து தடவிப் பார்த்தார். "ரம்பம் இல்லம்மா இது. ஒரே வீச்சு."

அன்றிலிருந்து அவள் குனிந்துதான் நுழைந்தாள். நுழையுமுன் வாய்க்குள் ஒரு சொல்லைச் சொல்வாள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று.

"சொந்த வீட்டுக்குள்ள வர டிக்கெட் வாங்கணுமா?" என்று அண்ணன் கிண்டல் செய்தான்.

"இன்னைக்கான சொல்லு என்னன்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்கண்ணா," என்றாள் அவள். அதோடு அவன் கிண்டலை நிறுத்தினான்.

அடுத்த வெட்டு அதற்கும் கீழே விழுந்தது. குனிந்தால் கழுத்து வரும் உயரம். அவள் இன்னும் குனிந்தாள். வெட்டும் இறங்கியது. போன வாரத்திலிருந்து அவள் தவழ்ந்துதான் உள்ளே வருகிறாள். "எழுந்திரு, அக்கம்பக்கத்துல பார்க்கிறாங்க" என்று தோழி கையைப் பிடித்து இழுத்தாளாம். "விடுங்க அண்ணி, அந்தப் பொண்ணு குனிஞ்சதால தப்பிச்சா" என்றாளாம்.

நேற்றுக் காலை தோழி வாசல் பெருக்கினாள். எண்ணெய் தேய்த்த இரும்பின் வாடை. நிலையின் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், புது வெட்டு.

உதிர்ந்து கிடந்த மரத்தூளில் ஒரு துண்டு சிவப்பு ரிப்பன்.