பசு காணோம் என்று சொல்லப் போய்ப் பிடிபட்ட விவரம்

என் பெயர் ஐயாசாமி. தகப்பனார் அப்பாவு. வயது நாற்பத்தாறு. லாங் மவுண்டனில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறேன். இந்தியாவிலிருந்து கூலியாக இந்தத் தீவுக்கு வந்து, கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்து பதினோரு வருஷமாகிறது. இதற்கு முன் என்மேல் எந்த வழக்கும் கிடையாது. 1875 ஆகஸ்ட் 20, வெள்ளிக்கிழமை, குட்லண்ட்ஸ் காவல் நிலையத்தில், மொழிபெயர்ப்பாளர் விநாயகம் அவர்கள் எழுதிக்கொள்ள நான் சொல்வதாவது.

போன வருஷம் எங்கள் பசுவின் கன்று வயிற்றிலேயே செத்தது. ஆகையால் இந்த முறை தாயும் கன்றும் பிழைத்தால் முடி கொடுப்பதாக முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். இரண்டும் பிழைத்தன. போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தலைமுடி, மீசை, தாடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். இந்தப் புதன்கிழமை காலை பால் கறக்கப் போன என் மனைவி பூங்காவனம், கயிறு அறுபட்டுக் கிடப்பதையும் கன்று மட்டும் கத்துவதையும் பார்த்து என்னைக் கூப்பிட்டாள்.

பசுவுக்கு வலது பின்னங்குளம்பு பிளந்திருக்கும். ஈர மண்ணில் அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டும், வழியில் விசாரித்துக்கொண்டும் குட்லண்ட்ஸ் வரை நடந்தேன். மாவட்டம் தாண்ட பாஸ் வாங்கவில்லை என்பது உண்மை. பாஸ் வாங்க இரண்டு நாள் ஆகும். அதுவரை மாடு நின்றுகொண்டிருக்குமா?

மாட்டுக்கறிக் கடை அர்மான் என்பவர் கொல்லையில் என் பசு கட்டியிருந்தது. மடி கனத்துப் பால் சொட்டிக்கொண்டிருந்தது. எவனோ கொண்டுவந்து விற்றான், சனிக்கிழமை வெட்டப்போகிறேன் என்று அவர் சொன்னார். நான் அவரோடு சண்டை போடவில்லை. சர்க்கார் இருக்கிறதே என்று நேரே இந்த நிலையத்துக்கு வந்தேன். அந்தப் புத்தி எனக்கு வந்திருக்கவே கூடாது.

கான்ஸ்டபிள் டானியேல் பசுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தவன் எப்போதும் கையில் வைத்திருக்கவேண்டிய அடையாள டிக்கெட்டைக் கேட்டார். கொடுத்தேன். அதில் ஒட்டியிருக்கும் படத்தில் எனக்குத் தாடி நெஞ்சு வரை தொங்கும். படத்தையும் என் மொட்டையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பா தோ போர்த்ரே சா! இது உன் படமில்லை" என்றார். நேர்த்தி என்று சொன்னேன், சாமி என்று சொன்னேன், தலையைத் தடவிக் காட்டினேன். அடுத்தவன் டிக்கெட்டை வைத்திருந்ததாக ஒன்று, பாஸ் இல்லாமல் திரிந்ததாக ஒன்று, இரண்டு குற்றம் எழுதி உள்ளே போட்டார்.

உள்ளே என்னோடு பதினோரு பேர். மூன்று நாளும் வேறு வேலை இல்லாததால் ஒவ்வொருவரையும் விசாரித்தேன். பத்துப் பேர் டிக்கெட் இல்லை, பாஸ் இல்லை என்று காகிதத்துக்காக வந்தவர்கள். ஒருவன் குடித்துவிட்டுப் பாடியவன். திருடன் ஒருவனும் இல்லை. இந்தியாவிலிருந்து ஆள் வர வர இந்த ஊரில் குற்றம் பெருகுகிறது என்று பெரிய துரை மேலே எழுதியிருப்பதாக விநாயகம் அவர்கள் சொன்னார். பெருகாமல் என்ன செய்யும்? நடந்தால் குற்றம், சிரைத்தால் குற்றம். என் பசுவை ஓட்டிப்போனவன் மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை. ஏன் அதை எழுதவில்லை என்று நான் விநாயகம் அவர்களைக் கேட்டதற்கு, "என்னண்ணே பண்றது, அதுக்கு வேற புஸ்தகம்" என்றார். அந்தப் புத்தகத்தை இதுவரை யாரும் திறக்கவில்லை.

நான் பிடிபட்டதும் பசு இருக்கும் இடமும் கேள்விப்பட்டு, இன்று காலை பூங்காவனம் கன்றை ஓட்டிக்கொண்டு குட்லண்ட்ஸ் வந்திருக்கிறாள். அர்மான் கொல்லையில் விட்டதும் கன்று ஓடி மடியை முட்டியதைக் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அவள் கயிற்றை அவிழ்த்து, இரண்டையும் நிலையத்து வாசலுக்கே கொண்டுவந்தாள். டானியேல் அவளையும் பிடித்து, மாட்டுத் திருட்டு என்று எழுதினார். "எம் மாட்டை நான் ஓட்டியாந்தேன், இதுல என்னா களவு?" என்று அவள் கத்தியது எனக்கு உள்ளே கேட்டது. எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது.

ஆக மூன்று நாளில் லாங் மவுண்டன் தமிழர் குற்றம் மூன்று. மூன்றும் ஒரே வீட்டில். என் மனைவி திருடி என்றால் அது திருடத்தக்க மாடு என்று நீங்களே ஒப்புக்கொண்டாயிற்று. அப்படியானால் புதன்கிழமை அதை முதலில் திருடியவன் எவன் என்பதையும் விசாரியுங்கள். மாடு வாசலில்தான் நிற்கிறது. குளம்பைத் தூக்கிப் பாருங்கள். நாளை சனிக்கிழமை, அதை அர்மான் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

மேற்கண்டவற்றை விநாயகம் அவர்கள் எனக்குத் திருப்பிப் படித்துக் காட்டினார். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை, சொன்னதில் பொய்யில்லை. என் பசு களவு போனது என்ற வரி முதலில் விட்டுப்போயிருந்தது. அதை எழுதச் சொல்லி, எழுதியதைக் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஐயாசாமி
(தமிழில் கையெழுத்து)