லயனலின் பெயர்

பித்தளையைத் துலக்க வினிகரும் உப்பும் போதும், இன்ஸ்பெக்டர். எங்கள் மாளிகைக் கூடத்தில் உள்ள நினைவுப் பலகையை நானேதான் துலக்குவேன். வேலைக்காரிகளைத் தொட விடுவதில்லை.

நாற்பதாம் வருடம் பிரான்ஸில் போரில் மடிந்த எங்கள் பண்ணைப் பையன்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. எல்லோருக்கும் மேலே என் தம்பி, கேப்டன் லயனல் தோர்லி. ‘தன் ஆட்களைக் காக்க நின்று உயிர் நீத்தவர்.’ அந்த வாசகம் நான் எழுதியது. ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் தாய்மார்கள் வருவார்கள். திருமதி புரூயிட் தன் மகன் சிரிலின் பெயரை விரலால் தடவிக்கொண்டே நிற்பாள்.

போன மார்ச்சில் லயனல் சமையலறை வாசல் வழியாக வந்தான். எலும்பும் தோலுமாக இருந்தான்.

“ஓடிட்டேன் அக்கா. பாலத்தை விடாதீங்க, இதோ வந்துடறேன்னு பசங்ககிட்ட சொல்லிட்டு ஓடிட்டேன். இத்தனை வருஷமும் அங்கேயே ஒரு பண்ணையில வேற பேர்ல மாடு மேய்ச்சேன்.”

“இப்ப எதுக்கு வந்தே?”

“அந்த அம்மாங்க முகத்தைப் பார்த்துச் சொல்லணும். கூடத்துப் பலகையைப் பார்த்தேன், அதுலேருந்து என் பேரை எடுத்துடு. அப்புறம் ஜெயில்ல போட்டாலும் சரி.”

நீங்களே சொல்லுங்கள். இவன் பாரத்தை இறக்கி வைப்பதற்காக அத்தனை பெண்களின் ஆறுதலையும் பிடுங்குவதா? சூப் சுட வைத்துக் கொடுத்தேன். ஊரில் பக்குவமாகச் சொல்லும்வரை மறைந்திரு என்றேன். ஏரிக்கு அப்பால், மரங்களுக்கு நடுவே, அந்தக் காலத்தில் பனிக்கட்டி சேமித்த நிலவறை இருக்கிறது. கல் சுவர், கனத்த கதவு. போர்வையோடு கூட்டிப் போனேன். குனிந்து உள்ளே நுழைந்தான். வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

மறுநாள் அந்தப் பக்கம் போனபோது குரல் கேட்டது. “அக்கா, தாழ்ப்பாள் தானா விழுந்துடுச்சு போல. கொஞ்சம் திறயேன்.” என் மேல் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. அதன் பிறகு நாய்களை வேறு பாதையில் நடத்திப் போனேன். மரம் வெட்ட வந்தவர்கள் கதவைத் திறக்காமலிருந்தால் யாருக்கும் ஒரு குறையும் இருந்திருக்காது.

கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். வருத்தம் என்று மட்டும் எழுதாதீர்கள், அதில் கையெழுத்துப் போட மாட்டேன். அந்தத் தாய்மார்களுக்காகச் செய்தேன். நீதிபதி முன்னாலும் இதையே சொல்வேன்.

நேற்று திருமதி புரூயிட் என்னைப் பார்க்க இந்த லாக்கப்புக்கே வந்தாள். நீங்கள் என்னைக் கைது செய்த அன்றே ஊரார் முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேனே. நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றேன்.

“ஓடியாவது வந்து சேர்ந்துடுடான்னுதானே மிஸ், என் சிரிலுக்காக தினமும் வேண்டிக்கிட்டேன்,” என்றாள். “என் பிள்ளையைக் கடைசியா பார்த்த மனுஷன் எங்களைத் தேடி வந்திருக்காரு. அவரைப் போய்...”

அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

பாவம், படிப்பறிவு இல்லாதவள். அவளுக்கு எது நல்லது என்று எனக்குத்தான் தெரியும்.