நெடி அடிக்குதா?

எனக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை, ஐயா. பக்கத்து வீட்டில் பால் பொங்கினால் எங்கள் வீட்டு அடுப்பை அணைக்க ஓடுவேன்.

பட்டறையில் அந்த மூக்குக்கு வேலை இருந்தது. அமோனியாவைச் சூடான குழாய்க்குள் விட்டு ஹைட்ரஜனைப் பிரிப்போம். அதற்கு வினையூக்கி வேண்டும். எல்லோரும் போடுகிற ருதேனியம் என்கிற உலோகம் யானை விலை. நான் லேத்துக்கடியில் கூட்டி அள்ளிய இரும்புத்தூளில் கொஞ்சம் நிக்கல் சேர்த்து, உருண்டை பிடித்துச் சுட்டேன். வருடக்கணக்கில் சோறு தண்ணி பார்க்காமல் மாய்ந்தேன். ஒருநாள் குழாயின் மறுமுனையில் அமோனியா நெடியே இல்லை, எல்லாம் பிரிந்துவிட்டது. அன்றைக்கு அழுதுவிட்டேன்.

பட்டறை அக்கா வீட்டுக்காரருடையது. ஒரு காய்ச்சலில் அவருக்கும் அக்காவுக்கும் மோப்பம் அடியோடு போய்விட்டது. அதனால் வால்வைத் திறந்ததும் அத்தான் கேட்பார்: "மாப்ளே, நெடி அடிக்குதா?" "இல்ல" என்று நான் சொன்னால்தான் நாற்காலியில் உட்காருவார். வாயு கசிந்தால் கத்துகிற அலாரம் வாங்கலாம் என்று அக்கா சொன்னபோது, "இவன் மூக்கு இருக்கறப்ப அது எதுக்கு?" என்று சிரித்தார்.

கம்பெனிக்காரர்கள் பார்க்க வந்தார்கள். அத்தான் என் உருண்டையைக் கையில் எடுத்து, "எல்லாம் நம்ம மூளைங்க. இவன் மச்சான், குழாய் மாட்டுறவன்," என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு டீ ஊற்றப் போய்விட்டாள். சிரித்துக்கொண்டே கோப்பைகளைக் கழுவினேன்.

மறுநாள் அவர் நாற்காலிக்குப் பின்னால் போகிற அமோனியாக் குழாயின் நட்டைத் தளர்த்தினேன். கொஞ்சம்தான். நான் அவசரப்படுகிற ஆள் இல்லை. எனக்கு ஜன்னலோரம் இடம். அவர் கேட்டார், "இல்ல அத்தான்," என்றேன். கண் எரிகிறது என்றார். சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தேன். இருமல் வந்தது, நானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வேலை செய்கிற இடத்தில் வாயு ஏதாவது கசிகிறதா என்று டாக்டர் கேட்டார். அத்தான் என் தோளைத் தட்டி, "இவன் மூக்குக்குத் தப்பி ஒண்ணும் வராதுங்க," என்றார். மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தார்.

கொலை என்கிறீர்கள். சரி, எழுதிக்கொள்ளுங்கள். நான்தான் செய்தேன். என் உழைப்பை அவர் மறைத்தார், நெடியை நான் மறைத்தேன். அதோடு தீர்ந்தது.

அக்கா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஐயா. என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவள். இப்போது அத்தான் நாற்காலியில் அவள்தான் உட்காருகிறாள். இன்று காலை நீங்கள் வந்து என்னைக் கூப்பிடுவதற்குச் சற்று முன்னால்கூட, லேசாக இருமிக்கொண்டே, "நெடி அடிக்குதாடா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா," என்றேன்.