தங்கைக்கு வந்த டப்பா

அன்று ஆஸ்பத்திரி அறையில் ஐந்து பேர் இருந்தோம். கட்டிலில் என் தங்கை, அவள் காலடியில் அவள் கணவர், சுவரோரம் அவர்கள் மகள், மருந்துச் சோதனையை நடத்தும் டாக்டரம்மா, நான். ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. நான்தான் எழுந்துபோய்க் கொக்கியை மாட்டினேன். அரைகுறையாகக் கிடக்கும் எதுவும் எனக்குப் பிடிக்காது.

தங்கைக்கு நுரையீரல் இறுகிப்போகும் நோய். அதற்கான மருந்து என் கம்பெனியில், என் தலைமையில் உருவானது. சோதனையில் பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே கசப்பில் வெற்று மாத்திரை. யாருக்கு எந்த டப்பா என்பதைக் கணினி குலுக்கிப்போடும். நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கும் அதிகாரம் என் ஒருவனுக்குத்தான்.

"அண்ணே, இந்த மாத்திரை உன் வாய் மாதிரியே கசக்குது" என்றாள் தங்கை. சிரிக்கப்போய் இருமினாள். இருமல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

டாக்டரம்மா எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

"சார், ஒரே ஒரு தடவை திறந்து பாத்துடலாமே. வெத்து மாத்திரையா இருந்தா மாத்திக் கொடுத்துடலாம். விதியிலயும் அதுக்கு இடமிருக்கு."

"மச்சான்..." என்றார் தங்கை கணவர்.

"ஊருக்கு ஒரு சட்டம், என் தங்கைக்கு ஒரு சட்டமா, மாப்பிள்ளை?" என்றேன்.

"விடுங்க" என்றாள் தங்கை. "அண்ணன் யாருக்கும் வளைஞ்சதில்ல." அதைச் சொல்லும்போது அவளுக்கே பெருமையாக இருந்தது. எனக்கும் நிறைவாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் யாரும் சிபாரிசில் மேலே வந்ததில்லை. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய காலத்தில் சொந்த அண்ணன் மகனையே பெயிலாக்கினேன். அண்ணி இன்றுவரை என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அந்தப் பெயரோடுதான் கம்பெனிக்கு வந்தேன். மருந்தியல் கழகத்தின் தலைவர் பதவிக்கு என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த சமயத்தில் தங்கை சோதனையில் சேர்ந்தாள். கேன்டீனில் என் முதுகுக்குப் பின்னால் ஒருவன் சொன்னான்: "தேன் எடுக்கிறவன் புறங்கைய நக்காமலா இருப்பான்?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. காபியைக் குடித்து முடித்துவிட்டு மாடியிலிருந்த என் அறைக்குப் போனேன்.

மழைக்காலம் முடிவதற்குள் தங்கை போய்விட்டாள். கடைசி நேரத்தில் கரையில் போட்ட மீன்போல அவள் வாய் திறந்து திறந்து மூடியது. "மாமா, ஏதாவது செய்ங்க மாமா" என்று அவள் மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சட்டையைச் சரிசெய்துகொண்டேன். பெரியவர்கள் நிதானம் இழந்தால் பிள்ளைகள் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்?

மருந்து வென்றது. அதைச் சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் இன்று மூச்சிரைக்காமல் மாடிப்படி ஏறுகிறார்கள். நான் கழகத்தின் தலைவரானேன்.

பத்திரிகையிலிருந்து நீங்கள் வந்து கேட்காவிட்டாலும் நானே சொல்லியிருப்பேன். தங்கைக்கு மட்டும் நல்ல டப்பாவாகப் பார்த்து ஒதுக்கிக் கொடுத்தேன், அப்படியும் அவள் பிழைக்கவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு ஓடுகிறது. எங்கள் குடும்பத்தின்மேல் அந்தக் கறை தங்கக்கூடாது. அது பொய். கணினி அவளுக்குப் போட்டது மருந்து டப்பா. அதை எடுத்துவிட்டு வெற்று மாத்திரையை வைத்தவன் நான். அந்தச் சோதனையில் வேறு யாருடைய டப்பாவிலும் நான் பாரபட்சம் காட்டியதில்லை.