நிமிர்த்தக் கூடாத விரல்கள்

மாத்தளை ஸ்டாண்டில், அலுவிகாரை வழியாகப் போகும் பஸ் புறப்பட மனமில்லாமல் உறுமிக்கொண்டிருந்தது. முன் சீட்டில் இரண்டு பெண்கள். மடியில் மருந்துப் பை வைத்திருந்தவர் சொன்னது காதில் விழுந்ததும் நான் போனை மூடி வைத்தேன்.

“இனிமே எங்க வீட்டுக்காரரு விரல நிமித்தக் கூடாதுன்னுட்டாங்க அக்கா.”

“கராம்பு மரத்துல இருந்து விழுந்து, கழுத்துல அடிபட்டு, கை கால் வழங்காமப் போன மனுசன். நீவி விடாம எப்புடி?”

“நானும் அப்புடித்தான் நெனச்சேன். தெனமும் எண்ணெ போட்டு, சுருண்ட விரல எல்லாம் இழுத்து இழுத்து நீட்டி விட்டேன். போன கிளினிக்ல, பயிற்சி குடுக்கிற மிஸ் ஏசிட்டாங்க. மணிக்கட்ட மேல தூக்கினா விரல் தானா மடங்குமாம். இனி அந்த மடிப்ப வச்சுத்தான் அவரு எதையும் பிடிக்கணுமாம். நான் நீட்ட நீட்ட அது தளந்து போவுதாம்.”

“அப்ப எண்ணெ போடுறதில்லையா?”

“போடுறேன். விரல்கிட்ட வந்ததும் நிப்பாட்டிக்குவேன். அதுதான் கஷ்டம்.”

பஸ் ஒருவழியாக நகர்ந்தது. மூத்தவர் கண்டக்டருக்குக் காசைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

“ஏதாச்சும் தூக்குறாரா?”

“இன்னைக்குக் காலையில பிளேன்டீ கோப்பைய வாய் வரைக்கும் கொண்டு போயிட்டாரு. பாதி சட்டையில ஊத்திருச்சு. நான் துணிய எடுத்துக்கிட்டு ஓடினேன். ‘விடு, இது நானே ஊத்திக்கிட்டது’ன்னாரு.”

“சட்டைய மாத்தலியா?”

“மாத்த விடல. நான் கிளம்புறப்பவும் அந்தக் கறையோடதான் வாசல்ல வீல்செயார்ல ஒக்காந்திருந்தாரு.”